அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வந்துடுமா? மனநோயில் மரபணு எவ்வளவு, சூழல் எவ்வளவு?

கருவிலேயே மனநோய் அபாயத்தைக் கணித்துச் சொல்கிறோம் என்று அமெரிக்காவில் சில நிறுவனங்கள் விற்பனையில் இறங்கியிருக்கின்றன. ஐவிஎஃப் முறையில் உருவாகும் கருக்களின் மரபணுக்களைப் படித்து, எந்தக் கருவுக்கு மனச்சிதைவு நோய் வர வாய்ப்பு அதிகம், எதற்குக் குறைவு என்று மதிப்பெண் போட்டுத் தருகின்றன. ஆர்க்கிட் என்ற நிறுவனம் ஒரு கருவுக்கு 2,500 டாலர் வாங்குகிறது. 2025 ஜூனில் நியூக்ளியஸ் ஜெனோமிக்ஸ் என்ற நிறுவனமும் 5,999 டாலருக்கு இதே போன்ற சேவையை அறிவித்தது.

ஆய்வகமே இல்லாமல் இதே கணிப்பு தமிழ்நாட்டில் எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும், “அவங்க வீட்டுல யாருக்காவது புத்தி சரியில்லாம இருந்துச்சா?” என்று விசாரிக்கிறார்கள். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். இந்தப் பயத்தாலேயே நோயை மறைப்பவர்கள் உண்டு. கல்யாணத்தை ஒட்டி மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

இந்தப் பயத்துக்கு அறிவியலில் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? மனச்சிதைவு நோயை முதன்மை உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். மனநோய்களில் மரபணுவின் பங்கு அதிகம் என்று சொல்லப்படுபவற்றில் ஒன்று இது. அதிகம் ஆராயப்பட்டதும், அதிகம் பயப்படுத்துவதும் இதுதான்.

மனச்சிதைவு என்றால் என்ன?

சினிமாவில் வருவதுபோல ‘ஒரு ஆளுக்குள் இரண்டு ஆள்’ இருப்பது மனச்சிதைவு அல்ல. அது வேறு. யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பது, தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பேச்சு கோர்வை இல்லாமல் போவது, குளிக்காமல் சாப்பிடாமல் ஒதுங்கிவிடுவது ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்குகிறது. படிப்பு முடிந்து, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை தொடங்கும் நேரம் அது. ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரலாம்.

பெற்றோருக்கு இருந்தால் எத்தனை பேருக்கு வரும்?

டென்மார்க்கில் ஒவ்வொருவரின் பிறப்பும் மருத்துவமனைச் சிகிச்சையும் தேசியப் பதிவேட்டில் இருக்கும். அதை வைத்து 2010-ல் வெளியான ஆய்வு, சுமார் 27 லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்தது. அதில் கிடைத்த எண்கள்:

• பெற்றோர் இருவருக்குமே நோய் இல்லாதபோது, பிள்ளைக்கு மனச்சிதைவு வந்தது 0.86 சதவீதம்.
• ஒருவருக்கு மட்டும் நோய் இருந்தபோது, 7 சதவீதம்.
• இருவருக்குமே இருந்தபோது, 27 சதவீதம்.

எட்டு மடங்கு அதிகம் என்று சொன்னால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நோய் இருந்தும் 100 பிள்ளைகளில் 93 பேருக்கு மனச்சிதைவு வரவில்லை. இருவருக்கும் இருந்த குடும்பங்களில்கூட நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு அது வரவில்லை. இரண்டும் ஒரே ஆய்வின் எண்கள்தான். எதை முன்னால் வைத்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு குடும்பத்தின் தூக்கம் கெடுகிறது அல்லது நிலைக்கிறது.

இதில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோருக்கு ஒரு மனநோய் இருந்தால், பிள்ளைக்கு அதே நோய்தான் வரும் என்றில்லை. மனச்சிதைவு உள்ளவரின் பிள்ளைக்கு மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ வரலாம். மனநோய்களின் மரபணு வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே இதற்குக் காரணம். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அபாயம் 7 சதவீதத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே ‘ஒண்ணும் ஆகாது’ என்பதும் சரியல்ல, ‘கண்டிப்பா வரும்’ என்பதும் சரியல்ல.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. மனச்சிதைவு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் அப்பா, அம்மா இருவருக்குமே அந்த நோய் கிடையாது. ‘எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே, இவனுக்கு எப்படி?’ என்று குடும்பங்கள் திகைப்பது இதனால்தான்.

ஒரே அச்சில் வார்த்த இரட்டையருக்கு?

மரபணுதான் எல்லாம் என்றால், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வந்தே ஆக வேண்டும். இருவரின் மரபணுக்களும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? ஆனால் 31,000-க்கும் அதிகமான இரட்டையர் ஜோடிகளை வைத்து டென்மார்க்கில் செய்யப்பட்டு 2018-ல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் நோய் வந்தது. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரில் இது 7 சதவீதமாக இருந்தது.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. 7 சதவீதம், மரபணு ஒன்றானதும் 33 சதவீதமாக உயர்கிறது. ஆகவே மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மரபணு அத்தனையும் ஒன்றாக இருந்தும் மூன்றில் இரண்டு பேர் தப்பிக்கிறார்கள். ஆகவே மரபணு மட்டும் போதாது.

இதைவிடச் சுவாரசியமான ஒரு முடிவும் டென்மார்க்கிலிருந்து வந்தது. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய், இன்னொருவருக்கு இல்லை. இருவரும் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றார்கள். யாருடைய பிள்ளைகளுக்கு அபாயம் அதிகம்? ஏறக்குறைய இருவருக்கும் சமம். அதாவது நோய் வராத இரட்டையரிடமும் அதே மரபணுச் சுமை இருந்தது. அது அவருக்குள் சத்தமில்லாமல் இருந்துவிட்டது, அவ்வளவுதான். ‘அவருக்கு வரலை, அதனால அந்தக் குடும்பம் சுத்தம்’ என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

‘80 சதவீதம் மரபணு’ என்று செய்திகளில் வருகிறதே?

அதே 2018 ஆய்வு, மனச்சிதைவில் மரபுவழிப் பங்கு 79 சதவீதம் என்று கணக்கிட்டது. மனச்சோர்வில் இது சுமார் 37 சதவீதம் என்பது இரட்டையர் ஆய்வுகளின் தொகுப்புக் கணக்கு. மனநோய் பற்றிய செய்திகளில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த எண்தான்.

ஒருவருடைய நோயில் 79 பங்கு பெற்றோர் கொடுத்தது, 21 பங்கு அவராகத் தேடிக்கொண்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளைக்கு வர 79 சதவீத வாய்ப்பு என்றும் பொருள் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் நோய் அபாயம் மாறுபடுகிறதே, அந்த மாறுபாட்டில் எவ்வளவு மரபணு வித்தியாசங்களோடு ஒத்துப்போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

வயலை வைத்துப் பார்த்தால் எளிது. பல ரகங்கள் கலந்த ஒரு மூட்டை விதைநெல்லை இரண்டாகப் பிரித்து, பாதியை நல்ல வண்டல் மண்ணிலும் பாதியைக் களர் நிலத்திலும் தெளிக்கிறார்கள். ஒரே வயலுக்குள் ஒரு பயிர் உயரம், இன்னொன்று குட்டை என்றால் காரணம் விதை. மண், தண்ணீர், உரம் எல்லாம் அங்கே ஒன்றுதானே. ஆனால் வண்டலில் விளைந்தது மொத்தமாகச் செழித்தும், களரில் விளைந்தது மொத்தமாகக் கருகியும் நின்றால் காரணம் மண். இரண்டு வயலுக்குள்ளும் தனித்தனியாகக் கணக்கிட்டால் ‘எல்லாம் விதைதான்’ என்று வரும். அதை நம்பி மண்ணைக் கவனிக்காமல் விட்டால் களர் நிலம் களராகவே கிடக்கும்.

மரபுவழி என்றால் மாற்ற முடியாது என்பதும் தவறு. ஃபினைல்கீட்டோனூரியா என்ற நோய் முழுக்க முழுக்க ஒற்றை மரபணுக் கோளாறு. கவனிக்காவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கும். ஆனால் பிறந்தவுடன் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து, சாப்பாட்டை மாற்றினால் பாதிப்பைத் தடுத்துவிடலாம். காரணம் மரபணுவில் இருக்கிறது, தீர்வு தட்டில் இருக்கிறது.

ஒரு மரபணுவா, ஆயிரமா?

2000-களின் தொடக்கத்தில் ‘அந்த மரபணு கிடைத்துவிட்டது’ என்ற தலைப்புகள் அடிக்கடி வந்தன. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் புகழ்பெற்ற ஆய்விலிருந்து, 2002-ல் வன்முறை நடத்தை பற்றியும் 2003-ல் மனச்சோர்வு பற்றியும் கட்டுரைகள் வெளியாயின. குறிப்பிட்ட ஒரு மரபணு வகையும் கசப்பான வாழ்க்கை அனுபவமும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்றன அவை. முதல் கட்டுரையில் வந்த மரபணுவுக்கு ‘போர்வீரன் மரபணு’ என்ற பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. 2009-ல் இத்தாலியின் ட்ரியெஸ்டே நகர நீதிமன்றம், ஒரு கொலை வழக்கில் அந்த மரபணுவையும் கணக்கில் எடுத்துத் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது.

ஆனால் கதை அப்படியே நிற்கவில்லை. மனச்சோர்வு பற்றிய முடிவை 2009-ல் பல ஆய்வுகளைத் திரட்டிச் சரிபார்த்தபோது அது உறுதிப்படவில்லை. 2019-ல் இன்னும் பெரிய சோதனை நடந்தது. மனச்சோர்வுக்குக் காரணம் என்று அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவுகளில் தேடினார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் உசத்தியாக இல்லை.

இன்று கிடைத்திருக்கும் படம் வேறு. மனச்சிதைவுக்கு ‘ஒரு மரபணு’ கிடையாது. உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு 2014-ல் மரபணுத் தொகுதியில் 108 இடங்களை அடையாளம் கண்டது. 2022-ல் நோயுள்ள 76,000-க்கும் மேற்பட்டோரையும் நோயில்லாத 2.4 லட்சம் பேரையும் ஒப்பிட்டபோது அது 287 ஆனது. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறிது. இவற்றில் பல மாற்றங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. நோயே இல்லாத குடும்பத்திலும் இருக்கின்றன. யாரிடம் கொஞ்சம் கூட, யாரிடம் கொஞ்சம் குறைவு என்பதில்தான் வித்தியாசம்.

விதிவிலக்குகள் உண்டு. 22-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு அல்லது அதைச் சார்ந்த நோய் வருகிறது. தெரிந்த மரபணுக் காரணங்களிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று இது. அதிலும் நான்கில் மூன்று பேர் தப்பிக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் சில துப்புகள் கிடைத்துள்ளன. 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சி4 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டினார்கள். பதின்பருவத்தில் மூளை தனக்குத் தேவையில்லாத நரம்பு இணைப்புகளை வெட்டி ஒழுங்குபடுத்தும். தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணுவதுபோல. இந்த மரபணு அதிகமாக வேலை செய்தால், வெட்ட வேண்டியதற்கு மேல் வெட்டப்படலாம் என்பது அவர்களின் விளக்கம். நோய் ஏன் அந்த வயதில் தொடங்குகிறது என்ற கேள்விக்கு இது ஒரு பதிலாகப் பார்க்கப்படுகிறது.

அப்போ ‘சூழல்’னா எது?

சூழல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வளர்ப்பு. ‘அம்மா கண்டிக்கலை’, ‘அப்பா ரொம்ப அடிச்சாரு’ என்ற பேச்சு. ஆனால் ஆய்வுகளில் சூழல் என்பது, மரபணு அல்லாத எல்லாமும். கருப்பையும் அதில் அடக்கம்.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவு வழியை அடைத்ததால் மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்கள் வளர்ந்த பிறகு பார்த்தபோது, அவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் இருமடங்காக இருந்தது. 1959-61 சீனப் பெரும் பஞ்சத்தில் பிறந்தவர்களிடமும் இதே இருமடங்கு 2005-ல் உறுதிப்பட்டது. அந்தத் தாய்மார்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. பசி அவர்கள் தேர்ந்தெடுத்தது இல்லை.

கஞ்சா இன்னொரு முக்கியக் காரணி. ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காக இருந்தது. வீரியம் அதிகமுள்ள வகையைத் தினமும் எடுப்பவர்களுக்கு அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. குழந்தைப் பருவத்தில் பாலியல் துன்புறுத்தல், அடி உதை, புறக்கணிப்பு போன்றவற்றை அனுபவித்தவர்களுக்கும் அபாயம் மூன்று மடங்கை ஒட்டி இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. பிரசவச் சிக்கல்கள், பெருநகர வாழ்க்கை, வேற்று நாட்டில் ஒதுக்கப்பட்டு வாழ்வது போன்றவையும் பட்டியலில் உண்டு. பெருநகரக் கணக்கு மேற்கத்திய நாடுகளில் தெரிவதுபோல ஏழை நாடுகளில் தெரியவில்லை. சூழலின் பாதிப்புக்கூட இடத்துக்கு இடம் மாறும்.

வளர்ப்பின் மேல் பழி போட்டதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரீக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். ஆட்டிசக் குழந்தைகளின் தாய்மார்களை ‘குளிர்பதனப் பெட்டி அம்மா’ என்று அழைத்த காலமும் இருந்தது. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் பிள்ளையின் நோயோடு இந்தப் பழியையும் சுமந்தார்கள். இரட்டையர் ஆய்வுகளும் தத்து ஆய்வுகளும் அதை உடைத்தன. மரபணு ஆராய்ச்சி குடும்பங்களுக்குச் செய்த மிகப் பெரிய நன்மை இது என்றே சொல்லலாம்.

இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா?

பிரிக்க முடியாது என்பதுதான் கடந்த முப்பது வருட ஆராய்ச்சியின் சாரம். பின்லாந்தில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெற்ற தாய்க்கு மனச்சிதைவு இருந்த பிள்ளைகள், சண்டையும் குழப்பமும் நிறைந்த வீட்டில் வளர்ந்தபோது நோய் அதிகம் வந்தது. இணக்கமான வீட்டில் வளர்ந்தபோது கணிசமாகக் குறைந்தது. மரபணு அபாயம் இல்லாத பிள்ளைகளிடம் வீட்டுச் சூழல் அந்த அளவு வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. அதாவது, வீடு நோயை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பலவீனத்துக்கு வீடு பக்கபலமாகவோ பாரமாகவோ ஆனது.

சூழல் என்று நினைப்பதற்குள் மரபணுவும் ஒளிந்திருக்கலாம். மனச்சிதைவுக்கான மரபணுச் சுமை அதிகமுள்ளவர்கள் கஞ்சாவை நாடும் வாய்ப்பும் சற்று அதிகம். அப்படியென்றால் கஞ்சாவால் நோயா, நோய்க்கான சுபாவத்தால் கஞ்சாவா? இரண்டு திசையிலும் ஆதாரம் இருக்கிறது. அதுபோலவே மரபணு என்று நினைப்பதற்குள் சூழலும் இருக்கும். 2018-ல் ஐஸ்லாந்து ஆய்வு ஒன்று, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வராத மரபணுக்கள்கூட பிள்ளையின் படிப்பைப் பாதிக்கின்றன என்று காட்டியது. எப்படி? அந்த மரபணுக்கள் பெற்றோரின் நடத்தையை வடிவமைக்கின்றன. அந்த நடத்தைதான் பிள்ளை வளரும் வீடாகிறது.

கருவைத் தேர்ந்தெடுத்தால் நோய் ஒழியுமா?

இப்போது அந்த 2,500 டாலர் மதிப்பெண்ணுக்குத் திரும்பலாம். 2022 ஆய்வின்படி, இன்று கணக்கிடக்கூடிய மரபணு மதிப்பெண் மனச்சிதைவு அபாய வித்தியாசத்தில் சுமார் 7 சதவீதத்தைத்தான் விளக்குகிறது. ஐந்து கருக்களில் மதிப்பெண் குறைவானதைத் தேர்ந்தெடுத்தால் அபாயம் ஏறக்குறைய பாதியாகலாம் என்பது ஏட்டுக் கணக்கு. விளம்பரத்தில் ‘பாதியாகும்’ என்பது பெரிதாகத் தெரியும். ஆனால் நூறில் ஒன்று, இருநூறில் ஒன்றாகிறது. இருநூறு தம்பதிகள் பணம் கட்டினால் ஒரு குழந்தைக்கு நோய் தவிர்க்கப்படலாம் என்பதே அதன் அர்த்தம்.

வேறு சிக்கல்களும் உண்டு. இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. மற்ற மக்களிடம் துல்லியம் குறைகிறது. ஒரு மரபணு மாற்றம் ஒரு வேலையை மட்டும் செய்வதும் இல்லை. இருமுனைக் கோளாறுக்கான மரபணுச் சாய்வும் அதிகம் படிப்பதற்கான மரபணுச் சாய்வும் ஓரளவு சேர்ந்தே வருகின்றன. ஒன்றை விலக்கினால் இன்னொன்றும் விலகலாம். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் ஐரோப்பிய மனித மரபியல் சங்கமும் இந்தச் சோதனையை இப்போது நடைமுறைச் சிகிச்சையில் பயன்படுத்தக் கூடாது என்ற நிலைப்பாட்டில் இருக்கின்றன.

இந்தியாவில் 2021-ன் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம், ஏற்கெனவே அறியப்பட்ட மரபுவழி நோய்களுக்காக மட்டுமே கருவைச் சோதிக்க அனுமதிக்கிறது. ஒற்றை மரபணு நோயான தலசீமியா போன்றவை அந்த வரையறைக்குள் தெளிவாக வரும். நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கூட்டிப் போடும் ‘வாய்ப்பு மதிப்பெண்’ அதே வகையில் சேராது.

மனநோயை மரபுவழியில் ‘ஒழிக்கும்’ முயற்சியை உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1933 ஜூலையில் நாஜி ஜெர்மனி கொண்டுவந்த சட்டத்தின்கீழ் சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. மனச்சிதைவு அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருந்தது. 1939 முதல் நோயாளிகளைக் கொல்லவும் தொடங்கினார்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் மட்டும் 2.2 லட்சத்திலிருந்து 2.7 லட்சம் பேர் வரை கருத்தடைக்கோ கொலைக்கோ ஆளானதாக 2010-ல் வெளியான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. போருக்குப் பின் என்ன ஆனது? ஜெர்மனியில் புதிதாக மனச்சிதைவு வருபவர்களின் விகிதம் குறையவில்லை. காரணம் மேலே சொன்னதுதான். பெரும்பாலான நோயாளிகள் நோயில்லாத குடும்பங்களிலிருந்துதான் வருகிறார்கள். அந்த மரபணுக்கள் ‘அவர்களிடம்’ இல்லை, எல்லோரிடமும் பரவிக் கிடக்கின்றன.

தமிழ்நாட்டில் இது பற்றி ஆய்வு உண்டா?

உண்டு. சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, சுமார் 3,000 பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வை 2019-ல் வெளியிட்டன. எட்டாவது குரோமோசோமில், வைட்டமின் பி3-ஐ உடல் பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை அது சுட்டியது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ், ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் உள்ளவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது.

‘சொந்தத்துல கட்டினா பைத்தியம் பிடிக்குமா?’ என்ற கேள்வியும் இங்கே அடிக்கடி எழுவது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்தால்தான் தோன்றும் ஒற்றை மரபணு நோய்கள், நெருங்கிய உறவுத் திருமணத்தில் கூடுகின்றன என்பது தெளிவு. மனச்சிதைவு அந்த வகை நோய் அல்ல. இரண்டு பக்கமும் ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்தில் பலருக்கு நோய் என்றால், மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கல்யாணத்துக்கு முன் என்ன கேட்கலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

1955-ன் இந்து திருமணச் சட்டம், மணமக்களின் மனநிலையைப் பற்றித்தான் பேசுகிறது. சித்தப்பாவைப் பற்றியோ அத்தையைப் பற்றியோ பேசவில்லை. சம்மதம் தர முடியாத நிலை, அல்லது திருமண வாழ்வுக்கே பொருந்தாத அளவு மனநோய் என்பதே அதன் வரையறை. மனச்சிதைவு என்று சீட்டில் எழுதியிருப்பது மட்டுமே விவாகரத்துக்குப் போதாது, நோயின் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நேரம், மணமகனோ மணமகளோ தன் நோயை மறைத்து நடத்திய திருமணம், மோசடி என்ற பேரில் நீதிமன்றம் போகலாம்.

மறைப்பதன் விலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது. மனச்சிதைவு காரணமாகக் கணவரால் கைவிடப்பட்ட பெண்கள் பற்றிச் சென்னை ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, நோய் ஒரு சுமை, முறிந்த திருமணம் இன்னொரு சுமை என்ற இரட்டைத் துயரத்தைப் பதிவு செய்தது. கல்யாணத்தின்போது மாத்திரையை நிறுத்தி, தூக்கம் கெட்டு, புது வீட்டில் நோய் மறுபடி தலைதூக்கும்போது, ‘ஏமாத்திட்டாங்க’ என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது. மாத்திரையைத் தொடர்ந்தபடி, விஷயத்தைச் சொல்லிச் செய்யும் கல்யாணத்தில் இந்த ஆபத்து குறைவு.

காப்பீட்டில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. மரபணுக் கோளாறு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் அமெரிக்காவில் 2008-ல் வந்ததுபோல, மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. மரபணுச் சோதனைகள் மலிவாகிவரும் நேரத்தில், ஜாதகக் கட்டோடு மரபணு அறிக்கையும் கேட்கப்படும் நாள் வந்தால் தடுக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் என்ன செய்யலாம்?

குடும்ப வரலாறு தெரிவது பயனற்றது அல்ல. அதைக் கல்யாணத்தை நிறுத்தப் பயன்படுத்துவதைவிட, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பயன்படுத்தினால் பலன் அதிகம்.

• கஞ்சாவைத் தொடாமல் இருப்பது, மரபணுச் சுமை உள்ளவர்களின் கையில் இருக்கும் மிக நேரடியான தற்காப்பு. இதைப் பிள்ளைகளிடம் பதின்பருவத்திலேயே காரணத்தோடு சொல்லலாம்.

• தூக்கம் திடீரென்று குறைவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாத சந்தேகம், தனக்குத்தானே பேசுவது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் காட்டலாம். ‘வயசுக் கோளாறு, சரியாயிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். சிகிச்சை தாமதமாகும் காலம் குறையக் குறைய, மீண்டு வருவது எளிதாகிறது.

• இருமுனைக் கோளாறு உள்ள பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய வாரங்கள் மிகவும் கவனிக்க வேண்டியவை. ஐந்தில் ஒருவர் என்ற அளவில் பிரசவத்துக்குப் பின் கடும் மனப்பிறழ்வு வரலாம். மகப்பேறு மருத்துவரிடம் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

• மருந்து எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறிப்பாக சோடியம் வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது, மாற்று மருந்து உண்டு. தாமாக நிறுத்துவதும் ஆபத்து.

• பிள்ளை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு அந்தத் தம்பதியுடையது. ‘100-ல் 7’ என்ற எண்ணை ‘100-ல் 93’ என்ற எண்ணோடு சேர்த்தே அவர்களிடம் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-ல் பார்த்தபோது, மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் பெரும்பாலானோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. பல நோய்களில் இந்த இடைவெளி 70 சதவீதத்துக்கும் மேல். மரபணுவை மாற்ற இன்று வழி இல்லை. மருத்துவரைப் பார்க்காமல் இருக்கும் அந்த 70 சதவீதத்தை மாற்ற வழி இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.